கருத்தரங்கு ஸ்லைடுகள் எல்லோருக்கும் எட்ட என்ன செய்யலாம்?

கேள்வி: மீனவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், ஆராய்ச்சியாளர்கள் என்று பலரும் வரும் கருத்தரங்கில் ஸ்லைடு போட்டுப் பேசப் போகிறேன். பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அது எட்ட என்ன செய்யலாம்?

மண்டபம், ராமேசுவரம், கீழக்கரைப் பக்கம் நடக்கும் கடல் சம்பந்தமான கூட்டங்களுக்கு ஸ்லைடு செய்து கொடுக்கிறவன் நான். ஒத்திகை பார்க்கும்போது போனில் பதிவு செய்து, ஸ்லைடைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் விஷயம் அறுந்துபோகிறது என்று உடனே தெரிந்துவிடும். முக்கால்வாசி லேசர் விளக்கால்தான். "இதோ இங்கே பவளப்பாறை, அந்தப் பக்கம் கடல்புல்" என்று புள்ளியை ஆட்டினால் பார்வையற்றவருக்கு ஒன்றுமே கிடைக்காது. "மனோலித் தீவுக்கும் முயல் தீவுக்கும் நடுவில்" என்று சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவருக்கு அதற்குமேல் படமே வேண்டாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் காட்டும் வரைபடங்களில் பவளப்பாறைக்குச் சிவப்பு, கடல்புல்லுக்குப் பச்சை என்று தீட்டிவிடுவார்கள். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் பெண்களைவிட ஆண்களில் பல மடங்கு அதிகம். மீனவர் கூட்டத்திலோ ஆண்கள்தான் பெரும்பாலும். ஒன்றுக்குக் கோடு, ஒன்றுக்குப் புள்ளி போட்டு, பெயரையும் அதன் மேலேயே எழுதுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, பகலில் அது வெறும் வடிவம்தான், நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும் கல்யாண மகாலில் மதிய வெயிலுக்கு அதுவும் போதாது. வெள்ளையில் கறுப்பு, பெரிய எழுத்து, அவ்வளவுதான்.

நம் ஊரில் யாரும் கவனிக்காத ஒன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய 'தமிழ்' என்ற சொல் திரையில் அழகாகத்தான் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பான் அதை 'ஜே கே பி ஓ' என்று படிக்கும். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கோப்பை அனுப்ப வேண்டும். என்விடிஏ (NVDA) என்ற திரை வாசிப்பான் இலவசம்தான், அனுப்பும் முன் அதில் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரை வாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் 'வரைபடம்' என்று மட்டும் போட்டால் பயனில்லை. அந்தப் படத்திலிருந்து நீங்கள் சொல்லவரும் விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள்.

அப்புறம் மைக். "எனக்குக் குரல் பெரிசு, மைக் வேண்டாம்" என்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கூட்டத்திலிருந்து வரும் கேள்வியையும் மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தால் முந்தின நாளே ஸ்லைடைக் கொடுத்துவிடுங்கள். பெயர்களையும் துறைச் சொற்களையும் அவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லைடுக்காக மற்ற விளக்குகளை அணைத்தாலும் அவர் மேல் விழும் வெளிச்சத்தை அணைக்காதீர்கள். இருட்டில் கை தெரியாது.

அழைப்பு போஸ்டரை வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்புவதும் சரியில்லை. தேதி, நேரம், இடம், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைக் கீழே டைப் செய்து, அதையே குரல் பதிவாகவும் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.