லண்டன் டியூப் ரயில்: பழைய பெட்டிகளின் புழுக்கமும் இரைச்சலும் – கேள்வி பதில்

லண்டன் சுரங்க ரயிலைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் இரண்டே குறைகளைத்தான் சுற்றி வருகின்றன: உள்ளே புழுக்கம், காதைக் கிழிக்கும் சத்தம். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். பழைய பெட்டிகளில் காற்றும் சத்தமும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

கேள்வி: அண்ணை, ஹாரோவில் இருந்து பேக்கர்லூ லைனில் வேலைக்குப் போறனான். ரயில் சும்மா நிற்கேக்கையே காலுக்குக் கீழே டகடகவென்று அதிருது. பிறகு தானாக நின்றுவிடுது. ஏதும் பழுதோ?

பழுது ஒன்றும் இல்லை தம்பி, அது கம்ப்ரஸர், காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பும் இயந்திரம். பேக்கர்லூவில் ஓடுபவை 1972ஆம் ஆண்டு வகை ரயில்கள். கதவுகளைத் திறந்து மூடுவது அழுத்தக் காற்று, பிரேக்குக்கும் அது வேண்டும். கதவு திறந்து மூடும்போது தொட்டியில் காற்று கொஞ்சம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் கம்ப்ரஸர் தானே ஓடும், நிறைந்ததும் நின்றுவிடும். வண்டி ஓடும்போதும் அது வேலை செய்கிறது, மற்ற இரைச்சலில் நமக்குக் கேட்பதில்லை.

கேள்வி: அதே ரயில் கிளம்பும்போது அடியில் வரிசையாக 'டக், டக்' என்று கேட்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. நிற்கும் மோட்டாருக்கு முழு மின்சாரத்தையும் ஒரே அடியாகக் கொடுத்தால் தாங்காது. அதனால் நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்களைப் போட்டு, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். காற்றழுத்தத்தால் சுழலும் ஒரு கேம்ஷாஃப்ட் (மேடுகள் கொண்ட தண்டு) அந்த இணைப்புகளைப் படிப்படியாக மாற்றுவதுதான் உங்களுக்கு டக் டக் என்று கேட்கிறது. பிக்கடிலி வழித்தடத்தின் 1973 வகை ரயில்களிலும் இதே ஏற்பாடுதான். மின்னணுக் கட்டுப்பாடு வந்த ரயில்களில் இது இல்லை. சென்ட்ரல் வழித்தடத்தின் 1992 வகையில் கேட்பது ரீங்காரம்தான்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. விலக்கும்வரை அந்த ரெசிஸ்டர்கள் மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் ரெசிஸ்டர்களுக்கே போய் எரிகிறது. அந்த வெப்பம் அத்தனையும் சுரங்கத்துக்குள்தான் தங்குகிறது.

கேள்வி: பெட்டியின் கடைசியில் உள்ள கதவு ஜன்னலைத் திறந்தால் ஒருவர் முறைக்கிறார், மூடினால் இன்னொருவர் முறைக்கிறார். எதுதான் சரி?

கூட்டமும் வெக்கையும் இருந்தால் திறங்கள் என்பேன். டியூப் சுரங்கத்தின் குறுக்களவு சுமார் 3.6 மீட்டர்தான். ரயில் அதை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு ஓடுவதால், சிரிஞ்சுக்குள் பிஸ்டன் போவதுபோல முன்னால் உள்ள காற்றைத் தள்ளுகிறது, பின்னால் உள்ளதை இழுக்கிறது. ரயில் வருமுன் பிளாட்பாரத்தில் அடிக்கும் காற்று இதுதான். கடைசி ஜன்னலைத் திறந்தால் அந்த ஓட்டத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். கூடவே சக்கரச் சத்தம், தண்டவாளச் சத்தம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாமும் வரும். மறைக்க ஒரு தடுப்பும் இல்லை.

சுரங்க நடுவே ரயில் நின்றுவிட்டால் காற்றோட்டமும் நின்றுவிடும். பிறகு சுரங்கத்தின் காற்றுக் கிணறுகளில் உள்ள மின்விசிறிகளைத்தான் நம்ப வேண்டும். கோடையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஆழ்சுரங்க ரயிலில் ஏறாதீர்கள்.

கேள்வி: சென்ட்ரல் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் தாண்டியதும் பெத்னல் கிரீன் வரை பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்பதில்லை. ரயில் பழசு என்பதாலா?

ரயிலை மட்டும் குற்றம் சொன்னால் பாதிதான் உண்மை. 2018இல் பிபிசி அந்தப் பகுதியில் அளந்தபோது 100 டெசிபலைத் தாண்டியது. தண்டவாளத்தின் மேற்பரப்பில் நாளாவட்டத்தில் சிறு சிறு அலைபோல மேடுபள்ளம் விழும். வேகமாகப் போகும் சக்கரம் அதில் ஏறி இறங்கும்போதுதான் அந்த ஊளை பிறக்கிறது. தேய்த்துச் சமன்செய்தால் குறையும், சில காலத்தில் மறுபடி வரும்.

பலருக்குத் தெரியாத காரணமும் ஒன்று உண்டு. மேலே உள்ள வீடுகளுக்கு அதிர்வு போகக் கூடாது என்று சில இடங்களில் தண்டவாளத்தை ரப்பர் வைத்த மென்மையான பிடிப்பில் நிறுத்துகிறார்கள். வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் இறுக்கம் குறைந்த தண்டவாளம் தானே அதிகம் அதிர்ந்து சுரங்கத்துக்குள் கூடுதலாக இரைகிறது. 2019இல் ஆர்.எம்.டி. தொழிற்சங்கம் ஓட்டுநர்களுக்காக இந்தச் சத்தப் பிரச்சினையைப் போராட்டம்வரை கொண்டுபோனது நியாயம்தான் என்பது என் கருத்து. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100இல் கால் மணி நேரம்தான். தினமும் போகிறவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் பாட்டை இன்னும் சத்தமாக வைப்பது தீர்வே அல்ல.

கேள்வி: வேகம் கூடக் கூட தட்தட்தட் என்று ஒரே பெட்டியில் மட்டும் அடிக்கிறது.

சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் வழுக்கினால் அப்படி ஆகும். 2016 இலையுதிர்காலத்தில் ஈர இலைகளால் பிக்கடிலியில் ஏராளமான ரயில்கள் இப்படிச் சேதமாகி, சேவையே குறைந்தது. பணிமனையில் சக்கரத்தைக் கடைந்தால் சரியாகிவிடும்.

கேள்வி: இவ்வளவு பணம் வாங்குகிறார்கள், ஒரு ஏசி போட்டால் என்ன?

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை, உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. இங்கே வெளியே என்பதும் அதே குறுகிய சுரங்கம்தான். தொடக்கத்தில் சுற்றியுள்ள களிமண் சுமார் 14 டிகிரி இருந்தது. கோடையில் குளிர்ச்சி வேண்டுமானால் கீழே வாருங்கள் என்று விளம்பரமே செய்தார்கள். நூறாண்டுகளாக ரயில்கள் கக்கிய வெப்பத்தைக் குடித்துக் குடித்து அந்த மண் இப்போது 20ஐத் தாண்டிவிட்டது. வெப்பத்தில் பெரும்பங்கு பிரேக்கிலிருந்து வருகிறது. அதனால் முதலில் செய்ய வேண்டியது, பிரேக் மின்சாரத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் ரயில்களைக் கொண்டுவருவது. விக்டோரியா வழித்தடத்தின் 2009 வகை அதைச் செய்கிறது. பிக்கடிலிக்காக சீமன்ஸ் கட்டும் புதிய ரயில்களில் ஏசியும் வருகிறது.

கேள்வி: சென்னை மெட்ரோவில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

சுரங்கம் பெரிது. மின்சாரம் மேலே கம்பியில் வருவதால் உயரமும் வேண்டியிருந்தது. ரயிலும் நிலையமும் தொடக்கத்திலேயே ஏசியோடு திட்டமிடப்பட்டவை.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா ஜூலையில் வருகிறார், மூச்சிரைப்பு உள்ளவர். எதில் கூட்டிப்போகலாம்?

மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி, எலிசபெத் ஆகிய ஐந்து வழித்தடங்களிலும் சுரங்கம் பெரிது என்பதால் ஏசி உண்டு. சுற்றுவழி ஆனாலும் பரவாயில்லை, இவற்றிலேயே போங்கள். சென்ட்ரலையும் பேக்கர்லூவையும் மாலை நெரிசலில் தவிர்த்துவிடுங்கள்.