அந்த 20 சென்டை விற்காதீர்கள், அக்கா

போன வாரம் குலசேகரத்திலிருந்து வந்திருந்தீர்கள். பையன் இரண்டு முறை நீட் எழுதிவிட்டான். மூன்றாவது முறைக்குக் கேரளாவில் விடுதியோடு பயிற்சி. அதற்காக, 35 மூடு ரப்பர் மரம் நிற்கிற 20 சென்டை விற்க விலை பேசியாகிவிட்டது. "டாக்டர் ஆக்காம விடாதே" என்று துபாயிலிருந்து தம்பி தினமும் கூப்பிடுகிறார். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பினேன். அது தப்பு.

நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவன் என்னிடம் நீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "மாத்தூர் தொட்டிப்பாலத்தில 115 அடி உயரத்தில தண்ணி ஓடுதே, ரெண்டு மலைக்கும் மட்டம் எப்படி சார் பிடிச்சாங்க?" என்று கேட்டான். டாக்டராகத் துடிக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? சர்வேயர் கேட்கிற கேள்வி.

நம்ம ஊரில் சர்வேயர் என்றாலே எல்லைக்கல் தேடி வருபவர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் மெட்ரோ சுரங்கம் தோண்டவும் சர்வேயர்தான் வேண்டும். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் மெட்ரோ சுரங்கம் இருக்கிறது. 2024 மார்ச் முதல் அதில் ரயில் ஓடுகிறது. சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோவில் சுமார் 42 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது, அடையாற்றைக் கடந்தும்.

தோண்டுகிற இயந்திரத்தின் முன்பக்கம் ஒரு பெரிய வெட்டுத்தலை சுழலும். வெட்டிய மண்ணையே அறைக்குள் அழுத்தி வைத்து, வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் உள்ளே பாயாமல் தடுப்பார்கள். பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோர்த்து, அந்த வளையத்திலேயே ஜாக்கியை ஊன்றி இயந்திரம் முன்னே நகரும். அங்கே ஜிபிஎஸ் எடுக்காது. மேலே அளந்த புள்ளிகளைக் குழி வழியாகக் கீழே இறக்கி, சுவரில் பொருத்திய டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) இயந்திரம் எங்கே நிற்கிறது என்று வளையத்துக்கு வளையம் கணக்குப் போடுவார் சர்வேயர். அவர் தவறினால் சுரங்கம் மெட்ரோ ரயில் நிலையத்தில் போய்ச் சேராது. மேலே இருக்கும் வீடுகள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பதும் அந்தக் குழுதான். 2019இல் கல்கத்தா பவ்பஜாரில் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோதி, மேலே வீடுகள் இடிந்தன. அந்த அளவைக் குறிப்பில் எத்தனை குடும்பங்களின் உயிர் இருக்கிறது என்று யோசியுங்கள்.

இதற்கு வழி நம்ம நாகர்கோவில் கோணம் பகுதியிலேயே இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் படித்தவன், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். பிறகு ஆசைப்பட்டால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். அதற்குள் டோட்டல் ஸ்டேஷனும், கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேடும் அவன் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுகமான வேலை இல்லை, அக்கா. உள்ளே புழுக்கம், ஈரம், ராத்திரி ஷிப்ட். ஊரை விட்டுப் போகவும் வேண்டும். இதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். "ஆத்துக்கு அடியில நிக்கலாம்லா சார்" என்றான், முகமெல்லாம் மலர்ந்து.

தம்பியிடம் நானே பேசுகிறேன். நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.