அலுவலகம் ஊர் மாறுகிறது – கடிதம்

அன்புள்ள ஐயா,

11 வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் எல்லோரையும் கூட்டிவைத்து, ஆறு மாதத்தில் அலுவலகத்தைப் பெருநகரத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வருகிறவர்களுக்கு 15 சதவீதச் சம்பள உயர்வு உண்டாம். அங்கே வாடகை விசாரித்தேன். இப்போது கொடுப்பதைப்போல இரண்டரை மடங்கு. மனைவிக்கு இங்கே வேலை இருக்கிறது. மகள் பள்ளிப்படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் உழைத்ததற்கு இதுதானா என்ற நினைப்பு தூங்கவிடவில்லை. நீங்களும் ஒருமுறை இப்படி ஊர் மாறியதாக எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் சமாளிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் கூட்டம் போட்டார்கள். முடிந்த கையோடு ஒரு படிவம் வந்தது. சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள். பக்கத்தில் இருந்தவர் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். நானும் அடித்தேன், அவருடைய பேனாவையே வாங்கி. அப்புறம் பார்த்தால் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு அலுவலகத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத் தூரத்தில்தான் கிடைத்தது. இரண்டு வருடம் போய்வந்தேன். ரயிலில் நின்றுகொண்டே தூங்கக் கற்றதுதான் மிச்சம்.

இத்தனை வருடம் உழைத்ததற்கு இதுதானா என்று கேட்கிறீர்கள். இந்த முடிவை எடுத்தவர்கள் உங்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். நகரங்களை ஆராய்ந்த வில்லியம் வைட் என்ற அமெரிக்கர், நியூயார்க்கைவிட்டு வெளியேறிய 38 நிறுவனங்கள் எங்கே போயின என்று பார்த்தார். ஊழியர்களின் நல்வாழ்வுக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போன நிறுவனங்கள். அவற்றில் 31 போய்ச் சேர்ந்த இடம் தலைமை அதிகாரியின் வீட்டுக்குப் பக்கம்! உங்கள் முதலாளி அந்த நகரத்தில் எங்கே குடியிருக்கிறார் என்று சும்மா விசாரித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு முன்னால் இருப்பது புது வேலை. பழைய நாற்காலியும் பழைய முகங்களும் கூடவே வருவதால் அப்படித் தெரியவில்லை, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு நிறுவனம், அந்த நகரத்தில், இந்தச் சம்பளத்துக்குக் கூப்பிட்டால் போவீர்களா? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர். உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 20, மற்ற செலவு 60, மிச்சம் 20 என்று இருந்தால், அங்கே போனதும் சம்பளம் 115, வாடகை 50. மற்ற செலவு ஒரு பைசா கூடாவிட்டாலும் மிச்சம் 5. கூடாமல் இருக்காது. உயர்வுக்கு வரி உண்டு. உங்கள் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்தால் அங்கே அடுத்தது கிடைக்கும்வரை அவருடைய வருமானமும் இல்லை. உங்கள் சொந்த எண்களைப் போட்டு, ஒரு தாளில் அவருடன் உட்கார்ந்து எழுதுங்கள். மனக்கணக்கில் 15 சதவீதம் எப்போதும் பெரிதாகவே தெரியும்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் ஏழைகளுக்காக 1969-இல் கொண்டுவந்த உச்சவரம்பு அது. முதலில் 25 என்று இருந்ததை 1981-இல் 30 ஆக்கினார்கள். வேதவாக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் 115-இல் 50 என்பது 43 சதவீதம். ஏழைக்கே அதிகம் என்று நினைத்த அளவையும் தாண்டிவிட்டோம்.

அடுத்து, தள்ளிப்போய் வீடு எடுத்தால் வாடகை குறையுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். நடந்துபோன காலத்திலிருந்து கார் காலம்வரை மனிதன் பயணத்துக்கு ஒதுக்குவது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் என்பது அவர் கணக்கு. நான் செலவழித்தது மூன்றரை. ஜெர்மனியின் தரவுகளை வைத்து ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்தபோது, நீண்ட தூரம் போய்வருகிறவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது. வாடகை குறைவதோ சம்பளம் கூடுவதோ அதை ஈடுகட்டவில்லை.

எனக்குப் பேனா கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் மாறி ஒன்றரை வருடம் கழித்து லிஃப்டில் இருவரும் மட்டும் இருந்தபோது வாடகைப் பேச்சு வந்தது. "எனக்கு வித்தியாசத்த ஆபீஸ்ல குடுத்துடறாங்களே, ரெண்டு வருஷத்துக்கு. நீங்க கேக்கலையா?" என்றார். டிக் அடிப்பதற்கு முன்பே தனியாகப் பார்த்துப் பேசி, கடிதமாக வாங்கி வைத்திருக்கிறார் மனிதர். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் மாடியைத் தாண்டிப் போய்விட்டேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே சம்மதம் சொல்வதற்கு முன் கேளுங்கள். சொன்னபிறகு கேட்டால் அது கோரிக்கை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த 15 சதவீதம் அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறதா, தனிப் படியாக வருகிறதா என்பது முதல் கேள்வி. படி என்றால் ஒருநாள் நிறுத்திவிடலாம், ஓய்வுக்காலப் பலன்களின் கணக்கிலும் பெரும்பாலும் வராது. சாமான் ஏற்றிப்போகும் செலவு, வீடு பார்க்கும்வரை தங்கும் செலவு, வீட்டு முன்பணம், வாடகை வித்தியாசம் எல்லாம் கேட்கலாம். கொடுத்தால், இத்தனை மாதத்துக்குள் வேலையைவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வர மறுத்தால் என்ன கிடைக்கும் என்றும் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் பழைய நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

உங்களுக்கு நான் கேட்கச் சொல்வது இன்னொன்று. மகள் படிப்பு முடியும்வரை இங்கிருந்தே வேலை பார்ப்பது, மாதம் சில நாள் மட்டும் அங்கே போய்வருவது. 11 வருடக் கணக்கு தெரிந்த ஆளை இடமாற்றக் குழப்பத்துக்கு நடுவே இழந்து, புதிதாக ஒருவரைப் பழக்குவது அவர்களுக்கும் வலிக்கும். இது உங்கள் கையில் இருக்கும் சீட்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் வருடம் நீங்கள் மட்டும் போய் ஒரு அறையில் தங்குவது எவ்வளவு ஆகும் என்று அதே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு இடத்துச் செலவு என்றாலும், மனைவியின் சம்பளம் நிற்காது என்பதால் அதுவே மலிவாக முடியலாம். பிரிந்து இருப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் மூவரும்தான் பேச வேண்டும். மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட தேதி. முடிவெடுக்க இரண்டு வாரம் வேண்டும், அதற்கு முன் இந்த விவரங்கள் எழுத்தில் வேண்டும் என்று இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.