எலி மருந்தும் கூகையும்

வரப்பெல்லாம் வளை, நெல் கதிர் பிடிக்கும் நேரம், புரோமாடியோலோன் என்ற எலி மருந்தை வைத்தால் வயலுக்கு வரும் கூகை ஆந்தைகள் சாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகலாம். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? விழுங்க விழுங்க மருந்து அதன் ஈரலில் சேரும்.

குஞ்சு வளர்க்கும் ஒரு கூகை ஜோடி ஆண்டுக்கு 1,000 எலிகளுக்கு மேல் பிடிக்கும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இதற்கென்றே கூடுபெட்டி வைக்கிறார்கள். நீங்களும் உயரமான கம்பத்தில் ஒன்று வையுங்கள். ஆனால் இன்று வைத்தால் நாளை வந்து குடியேறிவிடாது, அடுத்த போகத்துக்குத்தான் கணக்கு.

இந்தப் போகத்துக்கு? கிட்டிப் பொறி வையுங்கள், வளைகளைத் தோண்டுங்கள். பக்கத்து வயல்காரர்களும் அதே வாரத்தில் செய்யாவிட்டால் வீண்வேலை. எலிக்கு ஏது எல்லைக்கல்! அப்புறம், அடுத்த உழவின்போது வரப்பைச் செதுக்கி அகலத்தை 30 சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். மெல்லிய வரப்பில் எலி வளை தோண்டுவது கஷ்டம். நடக்கத்தான் கொஞ்சம் வித்தை வேண்டும்.