கேள்வி பதில்: மாசியிலேயே கோடை வந்தால் கோதுமைக்கு என்ன ஆகும்?

வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் வெயில் கூடினால் கோதுமை விளைச்சல் குறையும் என்கிறார்கள். வெயில் அடித்தால்தானே கதிர் பழுக்கும்? – வாசகர், மதுரை

பழுப்பது வேறு, பால் பிடிப்பது வேறு. நெல்லைப் போலவே கோதுமையும் பூத்த பிறகு பால் பிடித்து, மாவு கட்டி, கடைசியில்தான் காய்கிறது. இதற்கு ஏறக்குறைய 35 முதல் 45 நாள் குளுமை வேண்டும். 20–25 டிகிரி இருந்தால் மணி நன்றாகத் திரளும். 30ஐத் தாண்டினால் சர்க்கரையை மாவாக்கும் நொதிகள் தளர்ந்துவிடும், இலையும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். இரவும் புழுங்கினால் பகலில் சேர்த்த சர்க்கரையைப் பயிரே சுவாசத்தில் எரித்துவிடும். பயிர் பழுத்துவிட்டதுபோலத் தெரியும், எடை மட்டும் இருக்காது.

கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். நல்ல மணி உருண்டு திரண்டிருக்கும். சூடு பட்ட மணி மெலிந்து, தோல் சுருங்கி, நடுப்பள்ளம் ஆழமாகத் தெரியும். அதை அரைத்தால் தவிடு அதிகம், மாவு குறைவு.

2022 மார்ச்சில் நடந்தது இதுதான். 1901 முதல் உள்ள கணக்கில் நாட்டின் மிக வெப்பமான மார்ச் அது; மழையும் வழக்கத்தைவிட 71 சதவீதம் குறைவு. 11.13 கோடி டன் என்று எதிர்பார்த்த கோதுமை, இறுதிக் கணக்கில் 10.77 கோடி டன்னாக நின்றது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பஞ்சாப், ஹரியானாவில் அரசுக் கொள்முதலில் சுருங்கிய மணிக்கு இருந்த 6 சதவீத வரம்பை 18 ஆக உயர்த்த வேண்டியதாயிற்று. பாதிப்பு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

இது ஏதோ ஒரு வருடத்துக் கோளாறா, பருவநிலை மாற்றமா? – வாசகர், சேலம்

இரண்டும் சேர்ந்தது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு'களே வடக்கே மேகமும் மழையும் தருகின்றன. அவை வலுவிழந்த வருடம் வானம் வெளுத்து வெயில் ஏறும். அது முன்பும் நடந்ததுதான். ஆனால் இப்போது அடிப்படை வெப்பமே உயர்ந்திருப்பதால் அதே வெயில் இன்னும் மேலே போகிறது. 2022 மார்ச்–ஏப்ரல் வெப்ப அலைக்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு கூட்டியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அடுத்த வருடமே, 2023இல், 1901க்குப் பின் மிக வெப்பமான பிப்ரவரி வந்தது. பகல் வெப்பத்தின் சராசரி 29.54 டிகிரி.

பயிர் நிற்கும்போது வெயில் வந்துவிட்டால் விவசாயி என்ன செய்யலாம்? – வாசகர், தஞ்சாவூர்

முதலில் தண்ணீர். பால் பிடிக்கும் சமயத்தில் லேசான பாசனம் கொடுத்தால் பயிர்ச் சூடு தணியும். காற்று அடங்கிய மாலையில் மட்டுமே பாய்ச்ச வேண்டும். மண் நெகிழ்ந்திருக்கும்போது காற்று வீசினால் கதிர் கனத்தில் பயிர் சாய்ந்துவிடும், பிறகு எழாது. தெளிப்பான் உள்ளவர்கள் பிற்பகலில் சிறிது நேரம் ஓட்டலாம்.

அடுத்து சாம்பல் சத்து (பொட்டாசியம்). ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ பொட்டாசியம் நைட்ரேட் (2 சதவீதம்) கரைத்து, கதிர் வெளிவருமுன் பொதியில் இருக்கும்போது ஒரு முறை, பூத்ததும் ஒரு முறை தெளிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மியூரேட் ஆஃப் பொட்டாஷ். ஆனால் அதே 200 லிட்டருக்கு 400 கிராம்தான். இரண்டு அளவையும் குழப்பிக்கொண்டு பொட்டாஷை 4 கிலோ போட்டால் இலை கருகலாம். உச்சி வெயிலில் தெளிக்கவே கூடாது.

இவையெல்லாம் இழப்பைக் குறைக்கும், தடுக்காது. உண்மையான தப்பிப்பு விதைப்பில்தான் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் விதைத்தால் வெயில் ஏறுமுன் மணி திரண்டுவிடும். ஆனால் முன்விதைப்புக்கென்றே உருவாக்கிய ரகமாக இருக்க வேண்டும். சாதாரண ரகத்தை அக்டோபர் சூட்டில் விதைத்தால் தூர் கட்டாமலே அவசரமாகக் கதிர் தள்ளி, ஜனவரி உறைபனியில் மாட்டிக்கொள்ளும். நெல் அறுவடை தாமதமானவர்கள் வயலில் மிஞ்சிய நெல் தாளை எரித்து உழுது நாளைக் கடத்த வேண்டாம். ஹேப்பி சீடர் கருவி தாளுக்கு நடுவிலேயே விதைத்துவிடும். மேலே கிடக்கும் வைக்கோல் மாசி வெயிலில் மண்ணின் ஈரத்தையும் காக்கும்.