பிரிக் லேனில் பழைய லண்டன் எங்கே?

கிழக்கு லண்டனின் பிரிக் லேன் தெருவுக்குப் போய்க் கறி உணவகங்களும் சுவர் ஓவியங்களும்தான் கண்ணில் பட்டன என்கிறீர்கள். இன்னும் ஒரு மதியம் இருக்கிறதே, போதும். ஆனால் ஞாயிறு வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது.

பிரிக் லேனில் ஃபோர்னியர் தெரு வந்து சேரும் முனையில் எஃகு மினார் வைத்த மசூதி இருக்கும். அந்தச் செங்கல் கட்டடம், பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களான ஹியூகனாட்டுகள் 1743இல் கட்டிய தேவாலயம். பிறகு மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரிடம் போனது, 1898இல் யூத ஜெபக்கூடமானது, 1976 முதல் வங்காளதேச முஸ்லிம்களின் மசூதி. சுவரில் உயரே பழைய சூரியக் கடிகாரம் அப்படியே இருக்கிறது, அண்ணாந்து பார்க்க மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் அதே தெருவில் மேற்கே நடங்கள். வீடுகளின் மேல்மாடியில் அகலமான ஜன்னல்கள் தெரியும். ஹியூகனாட்டு நெசவாளர்களின் பட்டுத் தறிக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காக வைத்தவை. என்னைக் கேட்டால், உணவகங்களை விட இந்த ஜன்னல்கள்தான் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற இந்தப் பகுதியின் அடையாளம். தெருக்கோடியில் கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் வடிவமைத்த கிறைஸ்ட் சர்ச் தேவாலயம், 1729இல் முடிந்தது.

பசித்தால் பிரிக் லேனின் வடக்கு முனைக்குப் போங்கள். யூதர் காலத்து பேகல் என்ற வளைய ரொட்டி அங்கே இன்னும் கிடைக்கிறது.