துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளரா? மதுரையில் அவருக்கு வேலை இருந்ததா?

பழைய கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணங்களில் வரும் ‘துபாஷி’ யார், மதுரைப் பக்கம் அவர்களுக்கு வேலை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரு மொழி அறிந்தவர் எனப் பொருள்படும் ‘த்விபாஷி’ என்ற வடசொல்லே துபாஷி ஆயிற்று. ஆயினும் சென்னையிலும் புதுச்சேரியிலும் அவர் பேச்சைப் பெயர்த்துச் சொல்வதோடு நின்றவரல்லர்; வெள்ளைக்கார வணிகருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது, ஊர்ப் பெரியவர்களிடம் தூது போவது யாவும் அவர் பொறுப்பே. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பைப் படித்தால், அந்தப் பதவியின் செல்வாக்கு தெளிவாகப் புரியும்.

மதுரையின் நிலை வேறு. இங்கே ஆண்ட நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு, மக்கள் பேசியது தமிழ், சாத்திர வாதங்கள் நடந்தது வடமொழியில். ஆகவே வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஒரு மொழி தெரிந்த துணையாள் போதவில்லை. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த கிறித்தவ மதபோதகர் பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலியோ தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகிய மூன்றையும் தாமே கற்று, இடையில் ஆள் வைக்காமல் அறிஞர்களோடு நேரில் வாதிட்டார். துபாஷியை நம்பியிருந்தால் அந்த உரையாடல் இவ்வளவு ஆழமாக நடந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.